ஸ்டூரே தனக்காகக் கேட்டது

பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பில் ஸ்டூரேயின் அக்கா பெயர் முதலில் இருந்தது. அதன் கீழே என் பெயர், மோனா. அதற்கும் கீழே, "பூரியோ கணினிச் சங்க நண்பர்கள்" என்று ஒரு வரி. ஸ்டூரே விக்மன் என்ற மனிதனின் உலகம் ஏறத்தாழ இந்த மூன்று வரிகளுக்குள் அடங்கிவிடும்.

நாங்கள் பல ஆண்டுகள் சேர்ந்திருந்தோம், ஆனால் ஒரே வீட்டில் இருந்ததில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவனுடையது. புதன்கிழமை அவன் இங்கே வருவான். சனிக்கிழமை நான் அங்கே போவேன். வடகோடிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் பூரியோவில் இப்படி வாழ்கிறவர்கள் பலர். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் பொதுவாகவே யாரும் எதையும் கேட்பதில்லை. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான் என்று சில சமயம் தோன்றுகிறது.

அவன் ரொட்டி வண்டி ஓட்டினான். அடுமனையிலிருந்து மெல்லிய ரொட்டிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக் கிராமங்களுக்குப் போவான். மதியம் திரும்பி, சாப்பிட்டு, கணினி முன்னால் உட்காருவான். ஐம்பதைத் தாண்டிய மனிதன் திரைக்குள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து முதலில் நான் சிரித்திருக்கிறேன். பிறகு அந்தச் சத்தங்களுக்கு நடுவே சோபாவில் படுத்துத் தூங்கப் பழகிக்கொண்டேன். கணினி விசிறிகளின் ஓசை தூரத்துக் கடல்போல இருக்கும். அந்தக் கடலோரத்தில் ஒருவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது போதுமானதாக இருந்தது.

அவனுக்குக் கைநடுக்கம். அவன் அப்பாவுக்கும் இருந்ததாம். "இது நோய் இல்லை, குடும்பச் சொத்து" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஸ்டியரிங்கை இறுகப் பற்றினால் அடங்கிவிடும். காபிக் கோப்பையைத் தூக்கினால் தொடங்கிவிடும். அதனால் கோப்பையைப் பாதிதான் நிரப்புவான். மவுஸைத் தொட்டால் அம்புக்குறி திரையில் ஈயைப் போலத் துடிக்கும். அதற்காக அவன் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தான். மாலை வகுப்பில் கொஞ்சம் கற்று, மீதியைத் தானே தடவித் தடவிக் கண்டுபிடித்தது. கைக்கும் விளையாட்டுக்கும் நடுவே அது உட்கார்ந்திருக்கும். நடுக்கத்தை விழுங்கிவிட்டு, அவன் உண்மையில் போக நினைத்த திசையை மட்டும் அனுப்பும்.

"எது நடுக்கம், எது உன் மனசுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது கொஞ்சம் காத்திருக்கும்" என்றான். "நிஜமாவே அங்கதான் போகப்போறேனான்னு ஒரு நொடி யோசிச்சுப் பாக்கும். அப்புறம் விடும்."

"என்னைவிடப் பொறுமைசாலி."

"ஆமா. அதோட சனிக்கிழமை மட்டும் வராம தினமும் வருது."

அந்த நிரலைப் பற்றி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சங்கத்தின் லேன் கூடுகையில் எல்லோரும் தங்கள் கணினிகளைத் தூக்கிக்கொண்டு ஒரே கூடத்துக்கு வந்து, கம்பியால் இணைத்து, நாள் கணக்கில் விளையாடுவார்கள். அங்கே எல்லோருக்கும் தங்கள் திரைமீதுதான் கண். பக்கத்தில் இருப்பவனின் கையை யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்த இலையுதிர்காலத்தில்தான் புதிய இயங்குதளம் வந்தது. திரை முழுக்க வண்ணச் சதுரங்கள், உள்ளேயே ஒரு கடை. உலகமெங்கும் விளையாட்டுக்காரர்கள் இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி எல்லா விளையாட்டும் அந்தக் கடை வழியாகத்தான் வரும், கணினி பூட்டிய பெட்டியாகிவிடும் என்று ஒரு பக்கம். இதெல்லாம் வீண் பீதி என்று இன்னொரு பக்கம். எங்கள் சங்கத்தில் அந்தச் சண்டை ஒரு தீர்மானமாக வந்து நின்றது. துணைத் தலைவர் ரிக்கார்ட் அதைக் கொண்டுவந்தான். நகராட்சியில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன். இனி கூடுகைக்கு வரும் எல்லாக் கணினிகளிலும் புதிய இயங்குதளமே இருக்க வேண்டும், ஏமாற்றைத் தடுக்கும் காவல் நிரலும் ஓட வேண்டும், வேறு எந்த உதவி நிரலும் கூடாது. இதுதான் தீர்மானம். அப்படி இருந்தால்தான் மற்ற ஊர் அணிகள் வரும் என்றான்.

ஸ்டூரேயின் நிரல் புதிய இயங்குதளத்தில் ஓடாது. தயாரித்த நிறுவனம் அங்கீகரித்த மின்கையொப்பம் இல்லாத நிரலை அது மவுஸின் பக்கமே அண்டவிடாது. தீர்மானம் நிறைவேறினால் அந்தக் கூடத்தில் அவனால் விளையாட முடியாது. இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். அவன்தான் சங்கத்தின் தலைவர்.

மக்கள் மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் நடந்தது. நானும் சந்தா கட்டிய உறுப்பினர்தான். என் வேலை காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும்.

"தலைவரே, ஒவ்வொரு தடவையும் இதே ஒப்பாரிதான்" என்று ரிக்கார்ட் எழுந்தான். "போன தடவை புதுசு வந்தப்பவும் கேம் செத்துப்போச்சுன்னு சொன்னாங்க. அதுக்கு முந்தியும் சொன்னாங்க. செத்தது எங்க? பொணத்தைக் காட்டுங்க பாப்போம்."

"இந்தத் தடவை வீட்டு வாசல்லயே கடை வச்சுட்டானுங்கப்பா" என்றார் அல்கோத். எழுபது வயது. விமானம் ஓட்டும் விளையாட்டைத் தவிர வேறெதையும் தொடாதவர். "அதைத் தாண்டித்தான் என் வீட்டுக்குள்ள நான் போகணும்."

"நீ எந்தக் கடைக்குப் போயிருக்க, அல்கோத்? பதினஞ்சு வருஷமா அதே விமானத்தைத்தானே ஓட்டுற?"

"ஓட்டுறேன். இறக்கவும் தெரியும். நீ போன தடவை கடல்ல இறக்குனியே, பயணிங்கள்லாம் நீந்தியா வந்தாங்க?"

கூடம் சிரித்தது. அணித் தலைவி பெர்னில்லா கையை உயர்த்தினாள். "நான் ரிக்கார்ட் பக்கம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். அதுல ஸ்டார்ட் பட்டனையே காணோம். எங்கம்மா அணைக்கத் தெரியாம சுவத்துலேருந்து வயரைப் புடுங்கிட்டாங்க."

தலைவர் பேச விரும்பினால், கூட்டம் நடத்தும் மரச்சுத்தியைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் பேச வேண்டும். துணைத் தலைவரோ தீர்மானத்தைக் கொண்டுவந்தவன். அதனால் ஸ்டூரே சுத்தியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கு அடுத்து வாய்ப்பு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். காபி இடைவேளையில்தான் வாய் திறந்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி, காபிக்குள் போட்ட பாலாடைக்கட்டித் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன.

"இதுவரைக்கும் கம்ப்யூட்டர்னா சொந்த வீடு மாதிரி, ரிக்கார்ட்" என்றான். "சுவத்துல எங்க வேணா ஆணி அடிக்கலாம். இனிமே ஒவ்வொரு ஆணிக்கும் வீட்டுக்காரன்கிட்ட கேக்கணும்."

"கேட்டா என்ன? குடுத்துடப் போறாங்க. அவங்களுக்கும் நம்மகிட்டதானே விக்கணும்?"

"குடுக்கலைன்னா?"

"நீ என்னத்த மாட்டப்போற, ஸ்டூரே? தாத்தா படமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்டூரேயும் சிரித்தான். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். நான் ரொட்டித் தட்டோடு ஒரு கை தூரத்தில் நின்றேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவன் கை.

வாக்கெடுப்பு வந்தது. எங்கள் சங்கங்களில் முதலில் குரல்தான். தீர்மானத்தை ஏற்கிறவர்கள் ஆம் சொல்லுங்கள் என்று அவன் கேட்டான். முன்வரிசைகளில் இருந்த இளைஞர்கள் கத்தினார்கள். ஜன்னல் அதிர்ந்தது. மறுக்கிறவர்கள் ஆம் சொல்லுங்கள் என்றான்; எங்கள் முறையில் மறுப்புக்கும் ஆம்தான். பின்வரிசைகளில் இருந்தவர்கள் இந்தக் கரையின் பழைய மனிதர்கள். எங்கள் மக்கள் ஆம் என்பதை வாய்விட்டுச் சொல்வதில்லை. உதட்டைக் குவித்துச் சட்டென்று ஒரு மூச்சை உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான். அன்று ஐந்தாறு வரிசை ஒன்றாக மூச்சை இழுத்தது. யாரோ கதவைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டதுபோல இருந்தது. நான் பின்னால் நின்றதால் நன்றாகக் கேட்டேன். எண்ணிக்கையில் அவர்கள் குறைவு இல்லை. ஆனால் மூச்சையும் கத்தலையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

சந்தேகம் வந்தால் தலைவர் கையைத் தூக்கச் சொல்லலாம். ஸ்டூரே பின்வரிசைகளை ஒரு தடவை பார்த்தான். பிறகு சுத்தியை அடித்தான். தீர்மானம் நிறைவேறியது. அடித்த பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது.

காரில் திரும்பும்போது, "கையைத் தூக்கச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சத்தம் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு."

"மூச்சு?"

"கேட்டுச்சு."

"பின்ன என்ன?"

பிர்ச் மரங்கள் விளக்கொளியில் ஒவ்வொன்றாக வந்து போயின. "எனக்கு வேணுங்கறதால எனக்குக் கேட்டுச்சோ என்னவோ" என்றான். "அதை நான் எப்படி நம்புறது, மோனா?"

குளிர்காலக் கூடுகைக்கு அவன் கணினி இல்லாமல் போனான். மேசை போட்டான், கம்பி இழுத்தான், ஃபியூஸ் போனபோது மாற்றினான். மதியத்திலேயே வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கூடத்துக்குள் திரைகளின் நீல வெளிச்சம் மட்டும். அதில் முகங்கள் தண்ணீருக்கடியில் மிதப்பவைபோலத் தெரிந்தன. சுவரோரம் மெத்தைகளில் தூங்குபவர்கள், அவர்களைத் தாண்டிக் கம்பிகளோடு நடமாடும் ஸ்டூரே. தன் வீட்டுக்கே கூலிக்கு வந்தவன்போல இருந்தான். ஆனால் அவன் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெர்னில்லாவின் அணியில் ஒருவனுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து ஊர் அணி காத்துக்கொண்டிருந்தது.

"தலைவரே, வா, உக்காரு" என்று ரிக்கார்ட் கூப்பிட்டான். "கொஞ்ச நேரந்தான். அவனோட மெஷின் சும்மாதானே இருக்கு."

"எனக்கு வேலை இருக்குப்பா."

"எந்த வேலை? எல்லா ஃபியூஸும் நல்லா இருக்கு. வா."

"வேணாம்."

"என்ன, புது சிஸ்டம்னா தீட்டா? தொட்டா ஒட்டிக்குமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு அவனுக்கு ஆசையும் இருந்தது, எனக்குத் தெரியும். உட்கார்ந்தான். அந்த ஆட்டம் சுவரில் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. குறி பார்க்கும் சின்னச் சிலுவை, தரையில் இறங்க இடம் கிடைக்காத பனித்துகள்போல அலைந்தது. அவன் சுட்டதெல்லாம் சுவரில் பட்டது, வானத்தில் பட்டது.

"என்ன தலைவரே, நேத்து பீர் கொஞ்சம் அதிகமோ..." என்று ஆரம்பித்த ரிக்கார்ட், கையைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அவன் நின்றதால் மற்றவர்களும் பார்த்தார்கள்.

ஸ்டூரே ஆட்டத்தை முடித்தான். எழுந்து, "நான்தான் சொன்னேனே, இந்த சிஸ்டம் கேமைக் கொன்னுடும்னு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பெர்னில்லா அவனுக்குக் காபி கொண்டுவந்தாள். கோப்பையைப் பாதிதான் நிரப்பியிருந்தாள். வாங்கும்போது அவன் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் வேற்றூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். அன்றைக்கே எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அல்கோத்துக்குப் புரிந்தது, பெர்னில்லாவுக்குப் புரிந்தது. அந்த விதியை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நினைத்தார்கள். ஆனால் மாற்றச் சொன்னால் அவன் கையைச் சுட்டிக்காட்டியதாகிவிடும். ஆகவே மரியாதை கருதி எல்லோரும் பேசாமல் இருந்தார்கள்.

ரிக்கார்ட் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கே வந்தான். எதையோ தேடுவதுபோலத் தோட்டக்கலைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு நின்றான்.

"மோனா, அந்தத் தீர்மானத்தைத் திருத்தணும்னு இருக்கேன்."

"செய்யேன்."

"செஞ்சா ஊரே அவன் கையைப் பத்திப் பேசுற மாதிரி ஆயிடும்ல?"

"ஆகும்."

"நீ அவன்கிட்ட கேக்குறியா?"

"நான் கேட்டா, நீ வந்து சொன்னேன்னு தெரிஞ்சிடும்."

"அதானே" என்றான். கொஞ்ச நேரம் ஒரு ரோஜாப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புத்தகத்தை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். யாருக்கும் வேண்டாத ஒரு விதி, எல்லோருடைய நல்ல மனசாலும் நிலைத்து நின்றது.

இதற்கிடையே, விளையாட்டு சாகவில்லை. புதிய விளையாட்டுகள் வழக்கம்போல வந்தன. யாரும் எந்தக் கதவையும் சாத்தவில்லை. அல்கோத்தின் விமானம் முன்பைவிடச் சீராகப் பறந்தது. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு மிகவும் கசப்பாக இருந்தது.

"ரிக்கார்ட் சொன்னதுதான் சரி" என்றான் ஸ்டூரே ஒரு சனிக்கிழமை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உறைந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்த பழைய கணினியையும் அவன் அணைத்துப் போட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. விசிறிச் சத்தம் இல்லாத அந்த அறையில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. "கேம் சாகலை. நான் ஒருத்தன்தான் வெளிய நிக்கிறேன்."

"உள்ள விடச் சொல்லிக் கேளேன்."

"ஒருத்தனுக்காக விதியை மாத்துன்னு கேக்குறதா? நான் யாரு?"

"தலைவரு."

"அதனாலதான் கேக்க முடியாது."

"அப்ப கொஞ்ச நேரம் தலைவரா இருக்காதே" என்றேன். "சுத்தியைக் கீழ வைக்கத் தெரியாதா உனக்கு?"

ஆற்றின் நடுவே ஒரு நரி நின்று எங்கள் பக்கம் பார்த்தது. பிறகு அக்கரைக்கு, என் வீட்டுத் திசையில், அவசரமில்லாமல் நடந்து போனது. இருட்டும்வரை அவன் அது போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வசந்தத்தில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. கூரைப் பனி உருகி ஜன்னலுக்கு வெளியே சொட்டிக்கொண்டே இருந்தது. கணக்கு, புதிய நிர்வாகிகள் எல்லாம் முடிந்தன. கடைசியாக "பிற விஷயங்கள்" என்றான் ஸ்டூரே. யாரும் கை தூக்கவில்லை. அவன் சுத்தியை ரிக்கார்ட் முன்னால் நகர்த்தி வைத்தான். எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, பின்வரிசையில் அல்கோத் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தூக்கினான்.

ரிக்கார்ட் ஒரு கணம் சுத்தியையே பார்த்தான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஸ்டூரே விக்மன் பேசலாம்" என்றான்.

ஸ்டூரே எழுந்து நின்றான். சட்டைப்பையிலிருந்து மற்றக் கையையும் எடுத்து, இரண்டையும் முன்னால் நீட்டினான். யாரும் வேறு பக்கம் பார்க்க முடியாதபடி கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

"இது நடுங்குது" என்றான். "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு உங்களுக்கும் தெரியும். நாமெல்லாம் ரொம்ப நல்லவங்க."

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள்.

"நான் ஒரு ப்ரோகிராம் எழுதி வச்சிருக்கேன். அது குறி பாத்துக் குடுக்காது. நடுக்கத்தைத் தின்னும், அவ்வளவுதான். பழைய சிஸ்டத்துலதான் ஓடும். போன தடவை ஆணி, வீட்டுக்காரன்னு என்னென்னவோ பேசினேன். அது பொய் இல்ல. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல." நிறுத்தினான். அடுத்த வார்த்தை அவனுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். "எனக்கு விளையாடணும். என் மெஷினோட இங்க வரணும். அதுக்கு உங்ககிட்ட அனுமதி கேக்குறேன். எனக்காக."

உட்கார்ந்தான்.

"இவ்வளவுதானா?" என்றார் அல்கோத். "பனிக்காலம் பூரா நாங்க வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தது இதுக்குத்தானா?"

முன்வரிசையில் ஒருவன், வெளியூர் அணிகள் இதை ஏமாற்று என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பெர்னில்லா திரும்பினாள். "போன தடவை அவன் சுட்டதைப் பாத்தியா? சுவத்தைத் தவிர வேற எதுவும் சாகலை. அவனுக்கு இன்னும் நாலு ப்ரோகிராம் குடுத்தாலும் யாருக்கும் ஆபத்தில்ல."

"நான் அந்த ப்ரோகிராமைப் பாக்கணும்" என்றான் ரிக்கார்ட். "பாத்து, வெளியூர்க்காரங்களுக்கு நானே எழுதிடறேன்."

"பாரு. எழுதுன லட்சணத்தைப் பாத்துச் சிரிக்கக்கூடாது."

"அதுக்கு மட்டும் உத்தரவாதம் இல்ல, தலைவரே." ரிக்கார்ட் சுத்தியை எடுத்தான். "கையைத் தூக்குங்க. சத்தத்தை நான் நம்பறதில்ல."

கைகள் எழுந்தன. என் கையும். ஸ்டூரேயும் தனக்காகத் தூக்கியிருந்தான். அது எல்லோருடைய கைகளுக்கும் நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது. ரிக்கார்ட் அதையும் சேர்த்து எண்ணினான்.

அதன் பிறகு அவனுக்கு ஒரே ஒரு கூடுகைதான் கிடைத்தது. அடுத்த கோடையில், ரொட்டி இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வண்டியைச் சாலையோரம் ஒழுங்காக நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு இறந்துபோனான். இதயம். பின்னால் வந்தவர்கள், வண்டிக்காரர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யவில்லையாம். எங்கள் ஊர் அப்படி.

அந்த ஒரு கூடுகையை நினைத்துக்கொள்கிறேன். அடுத்த குளிர்காலம். வெளியே வானம் சாம்பலாகத் தாழ்ந்து கிடந்தது. உள்ளே அதே நீல வெளிச்சம். நான் சுவரோர மெத்தையில் படுத்திருந்தேன். கூடம் முழுவதும் விசிறிகள் ஒரே மூச்சாக ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை மூடினால் ஏதோ பெரிய கப்பலின் வயிற்றுக்குள் எல்லோரும் சேர்ந்து எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது. பாதித் தூக்கத்தில் பெர்னில்லாவின் குரல் கேட்டது.

"ஸ்டூரே, இடது பக்கம்! இடது! ஐயோ, உன் இடது இல்லப்பா, எல்லாருக்கும் இருக்கற இடது!"

ஒரு வெடிச்சத்தம். கூட்டமாகச் சிரிப்பு. கண்ணைத் திறந்தேன். பெரிய திரையில், ஆட்டத்தில் செத்தவர்களில் அவன் பெயர்தான் முதலில் அணைந்திருந்தது. வலது பக்கம் திரும்பி, எதிரியின் முன்னால் நேராகப் போய் நின்றிருக்கிறான்.

அவன் நாற்காலியைச் சுழற்றி, நான் விழித்திருக்கிறேனா என்று பார்த்தான். இருட்டில் அவன் பற்கள் மட்டும் தெரிந்தன.

"பாத்தியா, மோனா?" என்றான். "கை சரியாத்தான் போச்சு. நான்தான் முட்டாள்."

அவ்வளவு சந்தோஷமாக ஒருவன் தோற்று நான் பார்த்ததில்லை. அடுத்த ஆட்டத்துக்காக அவன் திரும்பி உட்கார்ந்தான். நான் அவன் முதுகைப் பார்த்தபடியே மறுபடியும் தூங்கிப்போனேன்.